கத்திரி வெயில் மாலையில் காவிரியில் கனூ: நெரிஞ்சிப்பேட்டையில் நாங்கள் இருவர்

மருதமரத்தடி
மே 12, இரவு 10:20

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை நானும் என் நண்பனும் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணைக்கு (மதகுக் கதவுகள் வைத்த தடுப்பணை) மேலே தேங்கி நிற்கும் காவிரியில் கனூவில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகில், போய்வந்தோம். இன்னும் உடம்பு தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதே ஆற்றங்கரையில் பிறந்தவன். விசைப்படகில் ஏறிப் பூலாம்பட்டிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அந்தப் படகில் இருசக்கர வாகனங்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, அக்கரைக்கு எப்போது போய்ச் சேருவோம் என்றுதான் பார்ப்போம். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் இருக்க, மோட்டார் சத்தம் இல்லாமல், ஆற்றோடு ஆறாக உட்கார்ந்திருந்தது நேற்றுதான் முதல் முறை.

கனூவை என் நண்பனே செய்தான். கோவையில் ஃபைபர் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சு செய்து, தாள் தாளாக ஒட்டி, நான்கு மாதத்தில் முடித்தான். பதினைந்து அடி நீளம், இருபத்தெட்டு கிலோ எடை. இரண்டு முனையும் கூர், மேலே திறப்பு. கவிழ்த்து ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துத் தூக்கிப் போய்விடலாம். துடுப்புகளை மலைவேம்புப் பலகையில் செதுக்கியிருந்தான். ஈரம் பட்டதும் அந்த மரத்திலிருந்து ஒரு மெல்லிய கசப்பு வாசம் எழுந்தது.

ஐந்து மணிக்கு இறக்கினோம். வெயில் அப்போதும் முதுகைச் சுட்டது. மேல் தண்ணீர் வெந்நீர் போல இருந்தது. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டால் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி. நான் முன்னால், அவன் பின்னால். முதல் கால் மணி நேரம் வட்டம்தான் போட்டோம். "மாப்பிள்ளை, நீ வலப்பக்கம் போடு, நான் இடப்பக்கம் போடுகிறேன், பலமாக வேண்டாம், ஒரே தாளமாக இழு" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தாளம் பிடிபட்டதும் கனூ கோடு போட்டது போல நேராகப் போகத் தொடங்கியது. துடுப்பைத் தூக்கும்போது அதன் நுனியிலிருந்து ஏழெட்டுச் சொட்டுகள் வரிசையாக விழும். ஒவ்வொரு சொட்டும் தண்ணீரில் ஒரு வளையம். அடுத்த முறை துடுப்பைப் போடும்போது பழைய வளையங்கள் பின்னால் விரிந்துகொண்டே போகும். இதைப் பார்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் துடுப்புப் போட்டிருப்பேன்.

மேற்குக் கரையை ஒட்டி மேல்நோக்கிப் போனோம். கரையில் நீர்மருது வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. சாலையில் இருந்து பார்த்தால் தெரியும் மருதமரம் வேறு, தண்ணீரில் இருந்து பார்த்தால் தெரியும் மருதமரம் வேறு. மண் அரித்துப்போன இடத்தில் வேர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குகை போல இருக்கின்றன. அதற்குள் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பத்தடிக்குள் போனோம், பறக்கவில்லை.

ஆறு மணிக்கு மேல் சூரியன் பாலமலைக்குப் பின்னால் இறங்கியது. மலை இருப்பதால் எங்கள் பக்கம் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும். அக்கரையில் பூலாம்பட்டித் தென்னைகளின் தலையில் மட்டும் வெயில் மிச்சம் இருந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டோம். அப்போது அவன் பேசத் தொடங்கினான்.

அவன் அப்பா தை மாதம் இறந்தார். சாவு வீட்டிலும் அழவில்லை, பதினாறாம் நாளிலும் அழவில்லை. நாங்கள் எத்தனையோ முறை டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்பாவின் பேச்சை எடுத்தாலே பட்டறைக் கணக்குக்குத் தாவிவிடுவான். நேற்று என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவன் குரல் மட்டும் வந்தது. நான் திரும்பவில்லை. கனூவில் திரும்பவும் முடியாது, திரும்பினால் ஆடும். அவன் சொன்னவற்றை இங்கே எழுதமாட்டேன். முகத்துக்கு முகம் பார்க்காமல், இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான் அவனால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஒரு தவறு நடந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. கோரைக்கு அருகில் வந்தபோது என் துடுப்பு வலையில் மாட்டியது. இழுத்தேன், இன்னும் சுற்றிக்கொண்டது. கைவிளக்கின் வெளிச்சத்தில் இருபது நிமிடம் கண்ணி கண்ணியாக எடுத்தோம். இரண்டு மூன்று கண்ணிகள் அறுந்துவிட்டன. யாருடைய வலை என்று தெரியவில்லை. மனது உறுத்துகிறது.

என் கேள்விகள் இவை: அந்த வலைக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவணைக்கு எவ்வளவு தூரம் வரை போகலாம்? வேறு யாராவது நம் பக்கத்து ஆறுகளில் துடுப்புப் போட்டிருக்கிறீர்களா?

கூடுதுறை
மே 13, காலை 6:05

தம்பி, படித்தேன். நண்பரின் அப்பாவுக்கு என் அஞ்சலி.

முப்பத்தொரு ஆண்டுகள் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பல ஆண்டுகள் கதவணைகளிலேயே கழிந்தன. கதவணை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் தவறாகிவிடும்.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு, ஆக மொத்தம் 120 மெகாவாட். உயரத்தில் இருந்து தண்ணீர் விழுந்து சுற்றும் இயந்திரம் இல்லை இது. குமிழ் வடிவ இயந்திரம் தண்ணீருக்குள்ளேயே கிடையாகப் படுத்திருக்கும். குறைந்த உயரத்தில் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு நீர்ப்பரப்பு கண்ணாடி போலத் தெரியும். உள்ளே இழுப்பு இருக்கும். சத்தம் போடும் தண்ணீரைப் பார்த்து மனிதன் தானாகவே ஒதுங்குவான். சத்தம் போடாத தண்ணீரில் அந்த எச்சரிக்கை இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள். கதவணைக் கட்டடத்தின் கதவுகளைத் தனித்தனியாக எண்ண முடிகிற தூரத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் அளவுக்கு மீறிப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். நீங்கள் மேல்நோக்கிப் போனது சரி. எப்போதும் அப்படியே செய்யுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது நீரையும் காற்றையும் எதிர்த்துப் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது இரண்டும் உங்களுக்குத் துணை.

இன்னொன்று. மேட்டூரில் திறக்கும் அளவு மாறினால் சில மணி நேரத்தில் இங்கே மட்டம் மாறும். டெல்டாவுக்கு ஜூன் 12 வாக்கில் திறப்பு என்று செய்தித்தாளில் பார்ப்பீர்கள். அது நடந்த பிறகு இது நீங்கள் மே மாதத்தில் பார்த்த ஆறாக இருக்காது. இறங்கும் முன் படகுத்துறையில் கேளுங்கள். படகு ஓட்டுபவர்களுக்கு அலுவலகத்துக்குத் தெரியும் முன்பே தெரியும்.

உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே.

பரிசல்துறை
மே 13, காலை 11:48

என் அப்பா, தாத்தா இருவரும் பரிசல்காரர்கள். நான் இப்போது பவானியில் ஜமக்காளக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை நாளில் அப்பாவோடு ஆற்றுக்குப் போவேன்.

கண்ணி கண்ணியாக வலையை எடுத்தீர்கள் என்று படித்ததும் உங்கள் மேல் மரியாதை வந்தது. கத்தியால் அறுத்துவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அமைதியாக அனுபவித்த மாலை நேரம் எங்கள் வேலை நேரம். பொழுது சாயும்போது வலை விடுவோம், விடியும் முன் எடுப்போம். இருட்டில் மீன் கரையோரம் மேய வரும். அதனால் வலையும் கரையோரம்தான் இருக்கும். நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்துக் கரையை ஒட்டிப் போகிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் சந்திக்கும்.

அடையாளம் சொல்கிறேன். வரிசையாக வெள்ளைத் தெர்மக்கோல் துண்டோ, காலித் தண்ணீர் பாட்டிலோ மிதந்தால் அது குப்பை இல்லை, வலையின் மேல் கயிறு. ஒரு முனை கோரையிலோ மருத வேரிலோ கட்டியிருக்கும். மறுமுனை ஆற்றுப் பக்கம். ஆற்றுப் பக்க முனையைச் சுற்றிப் போய்விடுங்கள். குறுக்கே போனால் துடுப்பை உயர்த்திவிட்டு, வந்த வேகத்திலேயே வழுக்கிக் கடக்க வேண்டும்.

மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. படகைப் பின்னால் விட்டு வலையைத் தளர்த்தினால் பாதி தானே கழன்றுவிடும்.

வலைக்காரரைத் தேட வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்தரைக்குத் துறைக்குப் போய், இந்த இடத்தில் மாட்டியது என்று சொல்லுங்கள். யாருடையது என்று அங்கேயே தெரிந்துவிடும். பணம் கொடுக்கப் போனால் வாங்கமாட்டார்கள். நேரில் போய்ச் சொன்னதே பெரிது.

கனூ பற்றி எனக்கும் ஆசைதான். பரிசல் வேறு ஜாதித் தண்ணீர் வாகனம். மூங்கிலைப் பிளந்து கூடை போலப் பின்னி, அந்தக் காலத்தில் எருமைத் தோல் போர்த்துவார்கள். என் தாத்தா அப்படி ஓட்டினார். இப்போது பிளாஸ்டிக் சாக்கு போர்த்தித் தார் பூசுகிறோம். முழங்கால் தண்ணீரில் கூடப் போகும். பாறை மேல் ஏறினாலும் வளைந்து கொடுக்கும். முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். தெரியாதவர் கையில் துடுப்பைக் கொடுத்தால் பம்பரம்தான். ஆனால் நேராக நீண்ட தூரம் போக அதனால் முடியாது. உங்கள் நண்பர் செய்த படகை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

நொய்யல்மகள்
மே 13, மாலை 4:15

மூன்று பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊர் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே. ஆற்றின் பெயரைச் சொன்னால் எனக்குத் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை, நிறம்தான் நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில் இன்று என்ன நிறம் என்று பாலத்தில் நின்று பார்த்துச் சொல்வது எங்களுக்கு விளையாட்டு. ஒரு நாள் ஊதா, ஒரு நாள் செங்கல் நிறம்.

பாசனத்துக்கு என்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அதில் சாயக்கழிவு தேங்கி, அணைக்குக் கீழே இருந்தவர்களே எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போராடினார்கள். அணையில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று உழவர்கள் கேட்ட ஊர் எங்களுடையது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. என் பாட்டி அதே ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்தவர். வெள்ளியங்கிரியில் இருந்து வரும் தண்ணீர் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் குடம் நிரப்புவாராம்.

அதனால் கேட்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. என் தோழிக்கும் தெரியாது. இருவரும் ஆசிரியைகள். ஒரே ஒரு மாலை, நிறமில்லாத ஆற்றின் மேல் உட்கார்ந்துவர ஆசை. எங்களைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறதா? வீட்டில் கேட்டால் "ஆற்றில் பெண் பிள்ளைகளுக்கு என்ன வேலை" என்பார்கள் என்று தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கீழ்பவானி
மே 13, மாலை 5:02

அம்மிணி, பரளிக்காட்டுக்குப் போங்கள். காரமடையில் இருந்து மலைப்பக்கம் உள்ளே போக வேண்டும். பில்லூர் அணையின் பின்பக்கத் தண்ணீரில் வனத்துறை பரிசல் பயணம் நடத்துகிறது. அந்த மலை ஊர்க்காரர்களே துடுப்புப் போடுவார்கள், உயிர்காப்பு அங்கி கொடுத்துத்தான் ஏற்றுவார்கள், மதியம் அவர்கள் வீட்டுப் பெண்கள் சமைத்த சாப்பாடு. வார இறுதியில்தான் இருக்கும், முன்பே பதிவு செய்ய வேண்டும். நான் என் மகளோடு போனேன். மாலை இல்லை, முற்பகல்தான். ஆனாலும் சுற்றிலும் மலை, நடுவில் அசையாத தண்ணீர். என் மகள் பரிசலில் இருந்து இறங்கமாட்டேன் என்று அழுதாள்.

அதே பவானிதான் மேட்டுப்பாளையத்தில் வேறு முகம் காட்டும். இதைப் படிப்பவர்கள் யாரும் மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் ஆற்றில் கனூவை இறக்கிவிடாதீர்கள். மேலே பில்லூரில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விட்டால், மழையே இல்லாத நாளில், பாறை தெரிந்த ஆறு சிறிது நேரத்தில் நிறைந்துவிடும். வெளியூரில் இருந்து வந்து குளிக்க இறங்கியவர்கள் எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஆற்றுக்கு நடுவே பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சுற்றிலும் தண்ணீர் ஏறியது தெரியாது. எங்கள் தெருவில் இருந்தும் ஒரு பையன் போனான். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பவானிசாகர் அணைக்குள் இறங்கும் எண்ணமும் வேண்டாம். அந்தப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. மாயாறு வந்து சேரும் தண்ணீரில் முதலை உண்டு. யானை குடிக்க வரும்.

மருதமரத்தடி
மே 13, இரவு 9:30

கூடுதுறை ஐயா, உயிர்காப்பு அங்கி பற்றி எழுதாமல் விட்டது என் தவறு. இருவரும் அணிந்திருந்தோம். முதல் நாளே அவன் சொல்லிவிட்டான், அங்கி போடாதவனை என் படகில் ஏற்றமாட்டேன் என்று. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், எதற்கு என்று கேட்டேன். "துடுப்பு தலையில் பட்டு மயங்கினால் உன் நீச்சல் எங்கே போகும்?" என்றான். அதன்பின் நான் பேசவில்லை.

பரிசல்துறை நண்பரே, நீங்கள் எழுதும் முன்பே, இன்று காலை ஐந்தே காலுக்குத் துறைக்குப் போயிருந்தேன். நீங்கள் சொன்னபடியே நடந்தது. இடத்தைச் சொன்னதும் ஒருவர் சிரித்து, தன் பரிசலுக்குள் கிடந்த வலையைக் காட்டினார். அறுந்த இடத்தைக் காலின் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் பேசி முடிப்பதற்குள் ஊசியால் கோத்துவிட்டார். பணத்தைத் தொடவில்லை. கால் கிலோ கெளுத்தியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நொய்யல்மகள், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நீச்சல் தெரியாதது தடையே இல்லை. அங்கி அணிந்து, மண்டியிட்டு உட்கார்ந்தால் கனூ எளிதில் கவிழாது. எடை கீழே இருக்கும். இருவரும் ஒரே பக்கம் சாயக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளே அரை மணியில் கற்றுக்கொள்வார்கள்.

நேராகப் போவதற்கு அவன் சொல்லிக்கொடுத்த வித்தையையும் எழுதுகிறேன். பின்னால் இருப்பவர் இடப்பக்கம் இழுத்தால் முனை வலப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தால் படகு பாம்பு போல நெளியும், உடை நனையும். இழுத்து முடிக்கும் இடத்தில், துடுப்பைத் தண்ணீரை விட்டு எடுக்கும் முன், மேல் கையின் கட்டை விரல் கீழ்நோக்கி வரும்படி மணிக்கட்டைத் திருப்பி, அலகை லேசாக வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான், முனை பழைய இடத்துக்கு வந்துவிடும். கதவின் தாழ்ப்பாளைத் திருப்புவது போல ஒரு சிறு அசைவு. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனுக்குப் பேசிக்கொண்டே வருகிறது.

கோடை மழை பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இடி மாலையில்தான் வரும். மலைக்கு மேலே கருத்தால் இறங்கவே வேண்டாம். தண்ணீரில் இருக்கும்போது மின்னினால் எண்ணுங்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அருகில் இருக்கும் கரையில் ஏறிவிட வேண்டும், காரை நிறுத்திய கரைக்குப் போக வேண்டும் என்று நினைக்கக் கூடாது. நீர் நடுவில் உயரமான பொருள் நாம்தான்.

வயல்வரப்பு
மே 14, காலை 7:40

எல்லாரும் பாராட்டுகிறீர்கள். எனக்கு மட்டும் ஒரு நெருடல். மன்னிக்க வேண்டும்.

இன்று நீங்கள் இருவர். இதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் இருபது பேர் வருவார்கள். அதற்கடுத்த கோடையில் கரையில் கூடாரம், பாட்டுப்பெட்டி, பிரியாணிப் பொட்டலம், மதுப்புட்டி. எத்தனை அருவிகளுக்கும் அணைகளுக்கும் இது நடந்தது என்று உங்களுக்கே தெரியும். வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் முதல் மடையில் வந்து அடைப்பது கண்ணாடிச் சில்லும் நெகிழிப் பையும்தான். என் அப்பாவின் பாதத்தில் வரப்பில் நின்றபோது சில்லு ஏறிப் புரையோடி இரண்டு மாதம் படுத்திருந்தார். அமைதியான இடத்தின் பெயரைப் பொதுவெளியில் எழுத வேண்டுமா? அனுபவத்தை மட்டும் எழுதியிருக்கலாமே.

மருதமரத்தடி
மே 14, காலை 8:55

உங்கள் அப்பாவின் வலி எனக்குப் புரிகிறது. பெயரை எழுதுவதா வேண்டாமா என்று நானும் யோசித்தேன். ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன்.

நம் கொங்கு நாட்டில் ஆற்றைப் பற்றி எப்போது பேசுகிறோம்? "தண்ணீர் விட்டாயிற்றா? எத்தனை நாள் முறை? கடைமடைக்கு வந்ததா?" அவ்வளவுதான். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஆகஸ்ட் 15 வந்தால் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்போம். காலிங்கராயன் வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டில் வெட்டியதில் இருந்து ஆற்றை வயலுக்குக் கூட்டிவரும் வேலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆறு இருக்கும் இடத்துக்கு நாம் போவதில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள், அஸ்தி கரைக்க ஒரு நாள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டியிருக்கிறோம். சாக்கடையை அந்தப் பக்கம்தான் விட்டிருக்கிறோம். அன்று மாலை தண்ணீரில் இருந்து பார்த்தபோது என் கண்ணில் முதலில் பட்டது எங்கள் தெருவின் சாக்கடைக் குழாய். நாற்பது ஆண்டுகளாக அது அங்கே விழுகிறது. கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. அதைப் படம் எடுத்து ஊராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கனூவில் போகாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

மணல்திட்டு
மே 14, மதியம் 1:20

பறவை பார்ப்பவள் நான். வயல்வரப்பு சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதிக்கு மட்டும் பதில்.

மார்ச் முதல் மே வரை ஆற்றுக்கு நடுவே தெரியும் மணல் திட்டிலும் பாறைத் திட்டிலும் தயவுசெய்து இறங்காதீர்கள். ஆற்று ஆலா அங்கேதான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். நீங்கள் மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். மிதிக்காவிட்டாலும், நீங்கள் திட்டில் உட்கார்ந்திருக்கும் கால் மணி நேரம் தாய்ப்பறவை மேலேயே கத்திக்கொண்டு சுற்றும். அந்தக் கால் மணி நேரத்தில் கத்திரி வெயிலில் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோகும். தாய் முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டும் இல்லை. நடுப்பகலில் நிழல் கொடுக்கத்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காருவதையும் நான் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் அலகு, கருந்தொப்பி, சிவப்புக் கால், பிளந்த வால். தலைக்கு மேல் வந்து கத்தினால் உங்களைத்தான் விரட்டுகிறது என்று புரிந்துகொண்டு விலகிப் போங்கள்.

நீர்நாய் பார்த்தீர்களா? காவிரியில் இருக்கிறது. பொழுது சாயும்போது நான்கைந்து தலைகள் வரிசையாக வரும்.

பரிசல்துறை
மே 14, மதியம் 2:10

நீர்நாய் வலையைக் கிழித்து மீனை எடுத்துவிடும். அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் குட்டியோடு வந்தால் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

பின்துடுப்பு
மே 15, இரவு 11:05

நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். இந்த இழையை மாப்பிள்ளை இன்றுதான் காட்டினான். பதிவு செய்துகொண்டு எழுதுகிறேன்.

நான் பேசியதை அவன் எழுதவில்லை. அதற்கு நன்றி. ஒன்றை மட்டும் நானே சொல்கிறேன். என் அப்பாவுக்கு ஆறு என்றால் பயம். அவருடைய தம்பி பத்து வயதில் இதே தண்ணீரில் போனவர், அப்போது இங்கே கதவணை இல்லை. அதனால் என்னை ஒரு நாளும் ஆற்றில் இறங்க விட்டதில்லை. நான் நீச்சல் கற்றது கோவையில் கல்லூரிக் குளத்தில், இருபது வயதில், அவருக்குத் தெரியாமல். படகு செய்கிறேன் என்று போன ஐப்பசியில் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டறைக்கு வந்து அச்சைச் சுற்றி ஒரு முறை நடந்தார். விளிம்பைத் தட்டிப் பார்த்தார். "இரண்டு பேர் உட்காரலாமா?" என்று கேட்டார். உட்காரலாம் என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. முடிப்பதற்குள் போய்விட்டார்.

முன் இருக்கை அவருக்கு என்று நினைத்துத்தான் அகலமாக வைத்தேன். அன்று அதில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

நொய்யல்மகள், நீங்களும் உங்கள் தோழியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். என் அம்மா கரையில் இருப்பார். பரிசல்துறை அண்ணா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் பரிசலில் வந்தால் எங்கள் எல்லாருக்குமே தைரியம். அடுத்த ஞாயிறு சரியாக இருக்குமா?

நொய்யல்மகள்
மே 16, காலை 6:30

வருகிறோம். வீட்டில் சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர் நிலக்கடலை நன்றாக இருக்கும், அவித்துக் கொண்டுவருகிறேன்.

பரிசல்துறை
மே 16, காலை 9:12

அப்பா வருகிறார். ஒரே நிபந்தனை, அவரும் கனூவில் ஒரு சுற்றுப் போக வேண்டுமாம்.

கூடுதுறை
மே 16, மாலை 6:48

கொஞ்சம் பொறுங்கள். இன்று பழைய நண்பர்களிடம் விசாரித்தேன். ஆண்டுதோறும் செய்வது போல நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையில் பராமரிப்பு வேலை தொடங்கப் போகிறது. கதவுகளைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவார்கள். பூலாம்பட்டிப் படகும் ஓடாது. அடுத்த ஞாயிறு அங்கே பாறையும் சேறும்தான் இருக்கும். வேலை முடிந்து தண்ணீர் ஏறியதும் நானே இங்கே எழுதுகிறேன். அதுவரை யாரும் இறங்க வேண்டாம், கலங்கிய குட்டைகளில் ஆழம் தெரியாது.

பின்துடுப்பு
மே 16, இரவு 8:20

சரிங்க ஐயா, காத்திருக்கிறோம். எங்களுக்கும் இப்போது அவசரம் இல்லை. கனூவை ஊரில் கட்டுத்தரையில் கவிழ்த்து வைத்திருந்தேன். இன்று அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, அதன் அடியில் கோழி ஒன்று பதினோரு முட்டையோடு அடை உட்கார்ந்துவிட்டது, இருபத்தொரு நாளைக்கு யாரும் படகைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.